மொத தோச யாருக்கு?

என்னவே மருமவனே, தூத்துக்குடி கார் வாங்கப் போறீராமே? உம்ம அத்தைதான் சொன்னா. சொல்லும்போதே அவ மொகத்துல அப்படி ஒரு பூரிப்பு. தாமிரவருணித் தண்ணியக் குடிக்க ஊருல, நம்ம பிள்ளைய கையால பூட்டுன வண்டிய நம்ம மருமவன் ஓட்டப் போறான்னு தெருவுல நாலு வீட்டுக்குச் சொல்லியாச்சு. நல்ல காரியந்தான். நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். சொன்னா மட்டும் நீரு கேக்கவா போறீரு? கலரு வரைக்கும் முடிவு பண்ணிட்டு, அதுக்குப் பொறவு பெரியாளுககிட்ட யோசன கேக்கதுதான இப்பத்த மரியாத.

வாங்கும். ஆனா ரெண்டு வார்த்த கேட்டுட்டுப் போரும். காப்பி வருது, இரும்.

உம்ம அத்த புதுத் தோசக்கல்லு வாங்குனா என்ன செய்வா, பாத்திருக்கீரா? வெங்காயத்த ரெண்டா வெட்டி எண்ணெயில முக்கி அந்தக் கல்லத் தேயி தேயினு தேய்ப்பா. அப்படியும் மொத தோச ஒட்டிக்கிட்டுப் பிஞ்சுதான் வரும். அதத் தூரப் போட மாட்டா. எவன் அவசரப்பட்டு மொத ஆளாத் தட்டத் தூக்கிட்டு வந்து உக்காந்திருக்கானோ, அவன் தட்டுல போடுவா. சிரிச்ச மொகத்தோடயே போடுவா. கார் கம்பெனிக்காரனும் அதத்தான் செய்யுதான். என்ன ஒண்ணு, அவன் அந்தப் பிஞ்ச தோசைக்கு முழு வெலையும் வாங்கிருதான், மால போட்டு போட்டோவும் எடுத்துருதான்.

நீரு வாங்கப் போற தூத்துக்குடி காரச் செய்யுத வின்ஃபாஸ்ட்டு கம்பெனி மொதலாளி கத தெரியுமா உமக்கு? ஃபாம் நியாட் வூவாங்னு பேரு. என் பல்லுசெட்டு அவ்வளவுதான் எடம் குடுக்கு. வியட்நாம்காரரு. உக்ரைன் நாட்டுல போயி நூடுல்ஸ் செஞ்சு வித்து மேல வந்த மனுசன். 2010ல அந்த வியாபாரத்த நெஸ்லே கம்பெனிக்குக் குடுத்துட்டு ஊரு திரும்பிட்டாரு. 2017ல கார் கம்பெனி தொறந்தாரு, 2019ல வண்டி ரோட்டுக்கு வந்துட்டு. மத்த கம்பெனியெல்லாம் ஒரு வண்டிக்கு நாலு வருசம் அஞ்சு வருசம் முக்குவான். ரெண்டு நிமிசத்துல வேவுத பலகாரத்த வித்த மனுசனுக்கு ரெண்டு வருசமே ஒரு யுகமாத் தெரிஞ்சிருக்கும்.

2022 நவம்பர்ல, வி.எஃப். 8னு ஒரு மாடல, எண்ணி 999 வண்டி ஒரே கப்பல்ல ஏத்தி அமெரிக்காவுக்கு அனுப்புனாவ. மொய் எழுதுத நாமளே ஆயிரத்தோட ஒண்ணு கூட்டித்தான எழுதுவோம்? அவுக ஒண்ணு கொறச்சுட்டாவ. அங்கயே சகுனம் சரியில்ல. 2023 மார்ச்சுல சாவியக் குடுத்தாவ. மே மாசம் அந்த 999 வண்டிக்கும் ரீகால். நடுவுல இருக்க திரை திடுக்குனு இருண்டு போகுதாம். அந்த வண்டியில வேகம் பாக்கதுக்கும் மத்ததுக்கும் அந்தத் திரைதான் கதி. அமெரிக்கக் கார் பத்திரிகைக்காரனுவ ஆட்டம், குலுக்கல், எதுக்கெடுத்தாலும் கிணிங் கிணிங்னு அடிக்க எச்சரிக்க மணினு ஒண்ணு விடாம எழுதிக் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டானுவ. பொறவு கம்பெனிக்காரன் காத்து வழியாவே சாப்ட்வேர் அனுப்பி திருத்துனான்.

அப்போ நமக்கு லாபந்தான மாமா, மொத தோசைய அமெரிக்காக்காரன் தின்னுட்டான்லானு நீரு கேப்பீரு. கேட்டா நீரு புத்திசாலிதான். ஆனா முழுப் புத்திசாலி இல்ல. 2024 பிப்ரவரி 25ந் தேதி தூத்துக்குடி சிப்காட்டுல அடிக்கல்லு, 2025 ஆகஸ்டு 4ந் தேதி முதலமைச்சர் தொறந்து வச்சாவ. நானூறு ஏக்கர், வருசத்துக்கு 50,000 வண்டி செய்ய ஏற்பாடு, பொறவு ஒண்ணரை லட்சமாக்கப் போறாவளாம். செப்டம்பர் 6ந் தேதி வி.எஃப். 6, வி.எஃப். 7 ரெண்டுக்கும் வெல சொல்லிட்டாவ, பதினாறரை லட்சத்துல ஆரம்பம். ஒண்ணரை வருசத்துல ஃபேக்டரி எழும்பி நிக்கதுனா சாமானியமில்ல. நம்மூருல ஒரு பாலத்துக்குத் தூணு எழும்ப அதுக்கு மேல ஆவுது. நம்ம பக்கத்துப் பிள்ளைய மெட்ராஸ் ஒரகடத்துக்கும் கோயம்புத்தூருக்கும் பொட்டி கட்டாம இங்கனயே வேலைக்குப் போகுதுவ, அது எனக்கும் சந்தோசந்தான். ஆனா மாவு பழசுனாலும் கல்லு புதுசு மருமவனே. கை புதுசு. அதயும் கணக்குல வச்சுக்கிடும்.

சரி, நம்ம நாட்டுக் கதைக்கு வாரும். டாடா கம்பெனி இண்டிகாவ எறக்குன சமயம் நீரு டவுசர் போட்டுட்டுத் திரிஞ்சிருப்பீரு. 1998 டிசம்பர் 30. அதுக்கு முன்னாலயே ரத்தன் டாடா சொல்லிட்டாரு: மாருதி ஜென் அளவுல வண்டி, அம்பாசிடர் மாதிரி உள்ள எடம், மாருதி 800 வெல, டீசல் செலவு. கேட்டவன் எல்லாம் வாயப் பொளந்தான். ஒரே வாரத்துல 1,15,000 பேரு முழுப் பணத்தையும் கட்டிட்டாவ. ஓட்டிப் பாக்கல, கதவத் தொறந்து மூடிப் பாக்கல, பின்சீட்டுல முதுகச் சாச்சுப் பாக்கல. பொண்ணு பாக்கப் போனா மட்டும் நாம பாட்டன் பூட்டன் வரைக்கும் விசாரிப்போம்.

வண்டி கைக்கு வந்த பொறவுதான் ஒப்பாரி. சத்தம், நடுக்கம், டயரு தேயுது, உள்ள இருக்க சாமான் ஆடுது. டெல்கோனு அப்போ கம்பெனி பேரு. அவுகளும் ஒளிஞ்சுக்கிடல, அத ஒத்துக்கிடணும். ஊரு ஊரா முகாம் போட்டு, வண்டியக் கொண்டாங்கன்னு கூப்பிட்டு, கொறையுள்ள சாமான ஓசியில மாத்திக் குடுத்தாவ. 2000-01 கணக்கு வருசத்துல கம்பெனிக்கு 500 கோடி நட்டம். லாரி வியாபாரமும் அந்த வருசம் படுத்துக் கெடந்துச்சு, பழிய இண்டிகா தலையில மட்டும் போடப்படாது. ஆனா அந்த ஒப்பாரியக் கேட்டு, ஒண்ணொண்ணா எழுதி வச்சு, 2001ல இண்டிகா வி2னு கொண்டாந்தாவ பாரும், அதுக்குப் பொறவு அந்த வண்டி போன போக்கே வேற. ஜங்சன்லயும் வண்ணாரப்பேட்டையிலயும் டாக்சி ஸ்டாண்டுல வெள்ள வெள்ளையா நின்னுச்சே, ஒரு கல்யாணத்துக்கு அஞ்சு பேரு போற வண்டியில ஒம்போது பேர அமுக்கிட்டு அம்பாசமுத்திரம் போச்சே, அந்த வண்டி. உம்ம அத்தைக்கும் எனக்கும் குத்தாலத்துக்கு அதான் புஷ்பக விமானம்.

மொத வண்டிக்கு விளம்பரம் "மோர் கார் பெர் கார்"னு போட்டாவ. காசுக்கு மேல கார்னு வச்சுக்கிடுமே. திருத்துன வண்டிக்கு "ஈவன் மோர் கார் பெர் கார்"னு போட்டாவ. அதப் பாத்துட்டு மொத லாட்டுல வாங்குன ஒருத்தரு எங்கிட்ட கேட்டாரு: "அண்ணாச்சி, அப்போ எனக்குக் குடுத்தது கொறஞ்ச காரா?" நான் என்ன சொல்ல? "இல்ல அண்ணாச்சி, நீங்க இல்லைன்னா அந்த 'ஈவன்' வந்திருக்காது"ன்னேன். அவருக்கு அது ஆறுதலாவும் இல்ல, அவமானமாவும் இல்ல. காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டாரு.

இன்னொரு வேடிக்க கேளும். அதே இண்டிகாவ இங்கிலாந்துக் கம்பெனி ரோவர், 2003 கடைசியில, நெத்திப் பொட்ட மாத்தி "சிட்டி ரோவர்"னு பேரு வச்சு அங்க வித்துச்சு. நம்ம டாக்சிக்காரன் கொண்டாடுன அதே வண்டி. வெள்ளக்காரன் உள்ள ஏறி உக்காந்தான், டேஷ்போர்டத் தட்டிப் பாத்தான், இந்தப் பிளாஸ்டிக்குக்கா இந்த வெலைனுட்டான். வண்டி போணியாகல. 2005 ஏப்ரல்ல ரோவர் கம்பெனியே கடையச் சாத்திட்டு. அதுக்கு வேற ஆயிரம் காரணம் உண்டு. இதுல உமக்கு ஒரு சூட்சுமம் இருக்கு. நம்மாளு சத்தத்தையும் டயரையும் ஆடுத சாமானையும் பத்தித்தான் கொறை சொன்னான், கம்பெனி அதத் திருத்துச்சு. பிளாஸ்டிக்கு மட்டமா இருக்குனு பெருசா யாரும் மூச்சு விடல, அது அப்படியே இருந்துச்சு. கேட்டது கெடச்சுட்டு, கேக்காதது கெடைக்கல.

அதனால அமெரிக்காக்காரன் சொன்ன கொறையெல்லாம் அவனுக்குள்ளது. திரை இருண்டுச்சுன்னான், திருத்திட்டாவ. பாளையங்கோட்ட மே மாசத்து வெயில்ல ரெண்டு மணிக்கு நிறுத்தி வச்ச வண்டியில ஸ்டியரிங்கத் தொட்டா கை கொப்பளிக்குனு அவன் சொல்லுவானா? வேட்டி கட்டுன மனுசன் எறங்கும்போது கதவு ஓரத்து பிளாஸ்டிக்குல கரை மாட்டிக் கிழியுதுனு வியட்நாமுக்கு யாரு தந்தி அடிப்பா? சாத்தான்குளம், குதிரமொழிப் பக்கம் தேரிக்காட்டு மண்ணு இருக்கே, செக்கச் செவேர்னு, அது இந்தப் பாலாட நெறத்துச் சீட்டுல ஒருதரம் ஒக்காந்துச்சுனா மூணு தரம் தேச்சாலும் போகாது. ஷோரூம்காரன் அதே பாலாட நெறத்த "பிரீமியம்"ங்கான். பிரீமியம்னா என்னன்னு எனக்கு அதுக்குப் பொறவுதான் விளங்குச்சு: தொடைக்க ஆள் வச்சிருக்கவன் வாங்குதது.

பொறவு 2023 டிசம்பர். காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நடு வழியில நின்னு போச்சு. நம்ம தெருவுல நின்ன காருக்குள்ள ஆறு வந்து பின்சீட்டுல உக்காந்திருந்துச்சு, நெனவிருக்கா? தண்ணி வடிஞ்ச பொறவு இஞ்சினக்கூட ஓட வச்சுட்டானுவ. உள்ள இருக்க விரிப்பக் கழத்திக் காய வைக்கதுக்குள்ள மெக்கானிக்கு கண்ணுல தண்ணி வந்துட்டு. சீட்டக் கழத்தணும், நடுப்பெட்டியக் கழத்தணும், ஓரத்துப் பட்டியக் கழத்தணும். அடியில பஞ்சு மாதிரி ஒரு மெத்த, அது குடிச்ச தண்ணிய மாசிக்கும் விடல. வாடைய ஒண்ணும் செய்ய முடியல. சந்தனாதித் தைலம் மாதிரி ஒரு திரவியத்த அடிச்சு வித்துட்டுப் போனானுவ. கழத்திக் காயப்போடுத விரிப்பு ஒண்ணு எவனாவது செஞ்சான்னா, இந்த ஆத்தங்கரையில அவன் வண்டிதான் ஓடும். ஆனா யாரும் கேக்கல, அவனும் செய்யல. மேல் கூரையத் தொறந்து வானத்தக் காட்டுதான். நமக்கு வானத்துல என்னவே குறைச்சல்?

கம்பெனிக்காரன் ஏன் உள்பக்கத்துல கை வைக்கான்னு கேக்கீரா? நீரு ஷோரூம்ல எவ்வளவு நேரம் உள்ள உக்காருவீரு? ஏ.சி. போட்டு, ரோசாப்பூ வாசன அடிச்சு, வண்டி நின்ன எடத்துல நிக்க, பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்துல கண்ணுக்குத் தெரியுதது மினுமினுப்பு, கலர் வெளக்கு, பெரிய திரை. கண்ணுக்குத் தெரியாதது சீட்டுக்குள்ள இருக்க நுரை, கதவுக்குள்ள இருக்க கிளிப்பு, டேஷ்போர்டுக்குப் பின்னால ஒட்டுத ஃபெல்ட் பட்டை. காசு மிச்சம் பிடிக்கணும்னா எதுல பிடிப்பான்? நீரா இருந்தா எதுல பிடிப்பீரு? பிளாஸ்டிக்கு வெயிலுக்கு விரியும், ராத்திரி சுருங்கும். ரெண்டு துண்டு சேருத எடத்துல கிளிப்பு தளந்து போச்சுனா கிறீச் கிறீச்னு தொடங்கும். ஆறு மாசம் கழிச்சு மேலப்பாளையத்து வேகத்தடையில ஏறும்போதுதான் அது உம்மகிட்டப் பேசும்.

இதுல எது எப்போ திருந்தும்னு ஒரு வரிசை இருக்கு, தெரிஞ்சுக்கிடும். திரை, மணியோச, கேமரா இதெல்லாம் சாப்ட்வேர். கத்துன கத்துல சில வாரத்துல, மாசத்துல திருந்திரும். கிளிப்பு, ஃபெல்ட், சீட்டு நுரை இதெல்லாம் சாமான் குடுக்க கம்பெனிய மாத்தச் சொன்னாப் போதும், அதுவும் சத்தமில்லாம நடந்துரும். ஆனா டேஷ்போர்டு மொத்தமும் அச்சுல வார்க்கது. அந்த அச்சு கோடிக்கணக்குல காசு விழுங்கினது; போட்ட காச எடுக்காம அத மாத்த மாட்டான். மூணு வருசம் கழிச்சு மொகத்தத் திருத்தி ஒரு மாடல் விடுவான்லா, அப்போதான் அதுல கை வைப்பான். கொறை ரொம்ப நாறிப் போனாத்தான் முந்துவான். ஹோண்டா கம்பெனி அமெரிக்காவுல 2011 ஏப்ரல்ல புது சிவிக்க எறக்குச்சு. உள்பக்கம் மட்டமாப் போச்சுனு ஊரே சொல்லி, கன்சூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை ஆகஸ்டுல "வாங்கலாம்"ங்குத பட்டியல்ல இருந்து அத எடுத்துட்டு. ஹோண்டாவுக்கு அது மானப் பிரச்சன. 2012 நவம்பர்ல, ஒண்ணரை வருசத்துல, டேஷ்போர்டுக்கு மெத்துனு தோலு போத்தி, சத்தத்த அடக்கி, மொகத்தயும் மாத்தி லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில நிறுத்திட்டாவ. ஜப்பான்காரன் வெக்கப்பட்டா வேல நடக்கும்.

ஜெர்மன்காரனுக்கு வெக்கம் வர நாளாச்சு. வோக்ஸ்வாகன் 2019ல எட்டாவது கோல்ஃப்னு ஒண்ணு விட்டாவ. ஏ.சி. கூட்டக் கொறைக்க பட்டன எடுத்துட்டு, வெரல வச்சு இழுக்குத மாதிரி ஒரு வழவழப்பான பட்டைய வச்சாவ. ராத்திரி அதுல வெளக்கு எரியாது. இருட்டுல தடவிக்கிட்டே போகணும். மின்சாரக் கார் ஐ.டி. 3ல நாலு கண்ணாடிக்கு ஓட்டுதவன் கைக்கு ரெண்டே சுவிட்சு; பின்கண்ணாடி எறக்கணும்னா மொதல்ல பின்பக்கம்னு இன்னொண்ணத் தொட்டுச் சொல்லிட்டு, பொறவு எறக்கணும். இத யோசிச்சவனுக்குச் சம்பள உயர்வு வேற குடுத்திருப்பாவ. வாங்குனவன் எல்லாம் ஏசி ஏசி, 2023ல ஐ.டி. 3க்கு உள்ள நல்ல சாமான் போட்டாவ, 2024ல கோல்ஃபுக்கு அந்தப் பட்டையில வெளக்கு வந்துச்சு, ஸ்டியரிங்குல நெசப் பட்டன் திரும்பி வந்துச்சு. வெளக்கு வைக்க அஞ்சு வருசம். நம்ம பஞ்சாயத்து எவ்வளவோ மேல்.

நேரத்துல கேக்காம விட்டவன் கதையும் ஒண்ணு இருக்கு, நம்ம ஒரகடத்துலயே. நிஸான் கம்பெனி 2014ல டாட்சன் கோனு ஒரு வண்டி விட்டாவ. குளோவ் பாக்ஸுக்கு மூடி இல்ல. ஜன்னலோரத் திண்ணை மாதிரி தொறந்து கெடக்கும், பிரேக்கு போட்டா உள்ள இருந்த பத்திரம் மடியில வந்து விழும். பாட்டுப் பெட்டி இல்ல, போன மாட்ட ஒரு கொக்கி. ஹேண்ட் பிரேக்கு டேஷ்போர்டுக்கு அடியில இழுவ. அது போக, அந்த வருசமே மோதல் பரிசோதனையில பூஜ்ய நட்சத்திரம். 2018ல புது டேஷ்போர்டு, பெரிய திரை எல்லாம் வச்சு அழகாத்தான் திருத்துனாவ. ஆனா அதுக்குள்ள ஊருக்குள்ள பேரு கெட்டுப் போச்சு. 2022ல டாட்சன்ங்குத பேரையே எடுத்துட்டாவ. மூடிக்கு மிச்சம் பிடிச்ச காசு எங்க போச்சோ.

முந்தியெல்லாம் இவ்வளவு கூட இல்ல. மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு கம்பெனி 1961ல இருந்து ஹெரால்டுனு ஒரு கார் செஞ்சாவ, ரெண்டே கதவு. பின்சீட்டுக்குப் போகணும்னா முன்சீட்ட மடக்கி, தலையக் குனிஞ்சு, சேலையத் தூக்கிப் பிடிச்சு நொழையணும். மாமியார அதுல ஏத்திப் பாரும், அன்னைக்கு வீட்டுல சோறு கெடைக்காது. அறுபதுகள் கடைசியில அதுக்கு நாலு கதவு வச்சாவ. சீமையில பொறந்த அந்தக் காருக்கு சீமையில நாலு கதவு கெடையவே கெடையாது. நம்ம நாட்டுக்குன்னு மட்டும் வச்சது. மாமியாருங்க நெனச்சா இரும்பும் வளையும்.

இப்போ உம்ம கதைக்கு வாரேன். அமெரிக்காவுல ஜே.டி. பவர்னு ஒரு நிறுவனம், புது வண்டி வாங்குனவன்கிட்ட மொத 90 நாளு என்னென்ன கொறைனு கேட்டு, நூறு வண்டிக்கு எத்தன கொறைனு வருசா வருசம் கணக்கு விடுது. கம்பெனிக்காரனுக்கு அது பரீச்ச முடிவு. நம்மூருல அந்தப் பரீச்ச எப்படி நடக்கும் தெரியுமா? எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல புது வண்டி வந்துச்சு. எந்தக் கம்பெனினு கேக்காதேயும். ரெண்டாம் நாளே பின்கதவுல டக் டக்னு சத்தம். வித்த பையன் வந்து நிக்கான். "அண்ணாச்சி, கம்பெனியில இருந்து போன் வரும், எல்லாத்துக்கும் பத்துக்குப் பத்து சொல்லிருங்க. ஒம்போது சொன்னாக்கூட என் இன்சென்டிவ் போயிரும். வீட்டுல தங்கச்சி கல்யாணம் இருக்கு." அண்ணாச்சிக்கு மனசு எளகிட்டு. பத்துக்குப் பத்து. போன வச்சுட்டு டீக்கடையில வந்து உக்காந்து, அந்த வண்டியப் பத்தி ஒரு மணி நேரம் வசவு. டீக்கடைக்காரன் என்ன கிளிப்பு மாத்தவா போறான்? கம்பெனிக் கணக்குப்படி நெல்லைச் சீமையில கொறையே இல்ல. எல்லாரும் பத்துக்குப் பத்து. டக் டக் சத்தம் அடுத்து வாங்குனவன் வண்டியிலயும் அப்படியே வந்துச்சு.

நம்மாளுக்கு வாய்க்கு ஒண்ணும் குறைவில்ல. ஏசணும்னா ஏழு தலமுறைக்கும் சேத்து ஏசுவோம். ஆனா ஏச வேண்டிய எடத்துல "பரவாயில்ல தம்பி"ன்னு எந்திரிச்சு வந்துருவோம். இதே மண்ணுல திருக்குறுங்குடியில பொறந்தவருதான டி.வி.சுந்தரம் அய்யங்காரு. மதுரையில பஸ்ஸு விட்ட காலத்துல, மாட்டு லாடத்துல இருந்து விழுந்த ஆணியெல்லாம் ரோட்டுல கெடந்து டயரக் குத்தும். அவுக கம்பெனி காந்தம் கட்டுன வண்டிய முன்னால ஓட்டி ஆணியப் பொறுக்க வச்சு, பொறவு பஸ்ஸ அனுப்புனாவ. பயணி வாயத் தொறக்கதுக்கு முன்னாலயே. அப்படி ஒரு கம்பெனி உமக்கு வாய்ச்சா நீரு கொறை சொல்ல வேண்டாம், கும்பிட்டாப் போதும். வாய்க்கலைனா நீருதான் காந்தம்.

ஆகவே வண்டிய வாங்கும். வாங்குததுக்கு முன்னால நட்ட நடு மத்தியானத்துல ஷோரூமுக்குப் போரும். வெளிய வெயில்ல நிக்க வண்டியத் தொறக்கச் சொல்லும், உள்ள ஏ.சி.யில நிக்கத இல்ல. வேட்டி கட்டிட்டுப் போரும். உம்ம அத்தையக் கூட்டிட்டுப் போயி பின்சீட்டுல உக்கார வையும். அவ அஞ்சு நிமிசத்துல சொல்லுத கொறைய ஜே.டி. பவர் தொண்ணூறு நாளுல கண்டுபிடிக்க மாட்டான். முட்டு இடிக்கா, ஜன்னலு எட்டுதா, தண்ணி பாட்டிலு வைக்க எடம் இருக்கானு பாரும். இந்த வண்டியில ஸ்டியரிங்குக்குப் பின்னால வழக்கமா இருக்க மீட்டர் டப்பா இல்லையாம். கண்ணு நடுத்திரைக்குப் போயி வரணும். அது உமக்குச் சரிவருமானு ஓட்டிப் பாத்து முடிவு பண்ணும், படத்தப் பாத்து இல்ல.

வாங்குன பொறவு ஒரு நோட்டு வச்சுக்கிடும். என்னைக்கு, எந்த ரோட்டுல, எவ்வளவு வேகத்துல, வெயிலா மழையா, சத்தம் எந்தப் பக்கம். "வண்டி சரியில்ல"னு சொன்னா சர்வீஸ்காரன் சிரிப்பான், "காலையில வராத சத்தம் மத்தியானம் மூணு மணிக்கு இடது பக்கம் ஏ.சி. துவாரத்துக்கு மேல வருது"னு சொன்னா எந்திரிச்சு நிப்பான். வாயால சொல்லாதேயும், ஜாப் கார்டுல எழுத வச்சு நகல வாங்கும். பத்துக்குப் பத்து கேட்டா, பையன் தங்கச்சி கல்யாணத்துக்கு மொய்யத் தனியா எழுதும், போன்ல ஆறு சொல்லும். 2021 ஏப்ரல்ல இருந்து ரீகாலுக்கு நம்ம நாட்டுலயும் சட்டம் வந்துட்டு, ஆனா அது உசிருக்கு ஆபத்தான கொறைக்கு. கிறீச்சுக்குச் சட்டம் வராது. ரொம்ப முத்திட்டுனா நுகர்வோர் ஆணையம் இருக்கு, 50 லட்சம் வரைக்கும் மாவட்டத்துலயே கேக்கலாம். அதுக்குப் போறதுக்குள்ள நோட்டு தடியா இருக்கணும்.

நீரு இப்படியெல்லாம் எழுதி எழுதிக் குடுத்தீருன்னா, ரெண்டு மூணு வருசத்துல அந்த வண்டி தங்கமாயிரும். தேரி மண்ணு ஒட்டாத சீட்டு வரும், வேட்டி மாட்டாத கதவு வரும். அப்போ யாராவது வயசான மனுசன், முட்டு வலிக்காரன், நிதானமாப் போயி திருத்துன வண்டியா ஒண்ணு எடுத்துக்கிடலாம். யாருனு நான் சொல்லல.

அது வரைக்கும் சும்மா இருக்க முடியாதுலா. உம்ம பழைய வண்டிய என்ன செய்யப் போறீரு? எக்ஸ்சேஞ்சுல குடுத்துராதேயும், அவன் அடிமாட்டு வெல சொல்லுவான். அதுல வர வேண்டிய கொறையெல்லாம் வந்து முடிஞ்சுட்டு; அது என்ன சத்தம் போடும்னு எனக்கும் மனப்பாடம். எனக்கே குடுத்துரும். வெலையா? மொறைப்படி பேசுவோம், மாமன் மருமவனுக்குள்ள என்ன. ஆனா பின்னால இடது கதவு ரெண்டு தரம் அடிச்சாத்தான் மூடுது, திருச்செந்தூர் போகும்போதே பாத்து வச்சேன். ஏ.சி. போட்டா மொதல்ல ஒரு ஊசவாட வருது. மேல்துணி நடுவுல தொங்குது, என் வழுக்கையத் தடவுது. டிரைவர் சீட்டு ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கு. அது நீரு உக்காருத சீரு, வண்டி மேல தப்பில்ல, ஆனா வெலையில கழிப்பேன். பின்சீட்டுல உம்ம பிள்ள மை கொட்டுனது இருக்கு. வைப்பரு...

என்ன பாக்கீரு? பேனாவ எடும், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிடும்.